சேட்டிலைட் கண்காணிப்பு வந்தால் சேர்வராயன் மலைக்குப் பின்னால் இருக்கும் விமானமும் தெரியுமா?

குப்பனூர்வாசி எழுதியது:

வணக்கம். நான் இருப்பது குப்பனூரில், சேர்வராயன் மலையின் கிழக்கு அடிவாரம். மொட்டை மாடியில் சின்னதாக ஒரு ஆன்டெனா, ஒரு யுஎஸ்பி ரிசீவர், ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் தகவலைப் பிடித்துத் திரையில் பார்ப்பது என் பொழுதுபோக்கு.

36,000 அடியில் பறப்பவை வங்கக் கடல் வரைக்கும் தெரிகின்றன. ஆனால் நம் சேலம் விமான நிலையத்துக்கு, அதாவது கமலாபுரத்துக்கு, இறங்கும் ஏடிஆர் பயணிகள் விமானம் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் தாழ்ந்ததும் திரையிலிருந்து போய்விடுகிறது. கூப்பிடு தூரத்தில் இருப்பது தெரியவில்லை, கடலோரத்தில் பறப்பது தெரிகிறது.

ராடாருக்குப் பதிலாக சேட்டிலைட் வழியாகவே நாடு முழுக்க விமானங்களைக் கண்காணிக்கப் போகிறார்கள் என்று படித்தேன். அது வந்தால் மலை மறைப்பு என்ற பிரச்சினையே இருக்காதா? எனக்கு இல்லை, கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கிறேன்.

ஐந்துரோடு எழுதியது:

மேலே இருந்து பார்த்தால் மலையாவது மடுவாவது. இனி ராடார் எல்லாம் காயலான் கடைக்குத்தான்.

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

ஐந்துரோடு தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அந்த ராடாரோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது அஸ்தம்பட்டியில் ஜாகை.

செய்திகளில் ‘சேட்டிலைட் கண்காணிப்பு’ என்று ஒரே பெயரில் எழுதினாலும் அதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது ஏடிஎஸ்-பி. விமானம் ஜிபிஎஸ் மாதிரியான செயற்கைக்கோள்களிடமிருந்து தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். பிறகு அந்த இடம், உயரம், வேகம், அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்து ஒலிபரப்பும். இடத்தை மட்டும் சுமார் நொடிக்கு இரண்டு முறை சொல்லும். யாரும் கேட்க வேண்டியதில்லை. தரையில் உள்ள நிலையம் அதைப் பிடித்து ஏடிசி, அதாவது விமானக் கட்டுப்பாட்டு அறை, பார்க்கும் திரைக்கு அனுப்பும். இதில் சேட்டிலைட்டின் வேலை விமானத்துக்கு இடம் சொல்வதோடு முடிந்தது. அது விமானத்தைப் பார்ப்பதே இல்லை. குப்பனூர்வாசி மாடியில் பிடிப்பதும் இதே ஒலிபரப்பைத்தான். ஆகவே தரை நிலையத்துக்கும் மலை மறைப்பு உண்டு.

இரண்டாவது, அதே ஒலிபரப்பை விண்வெளியில் பிடிப்பது. ஏரியான் என்ற நிறுவனம் இதைச் செய்கிறது. இரிடியம் என்ற சேட்டிலைட் போன் நிறுவனத்தின் புதிய செயற்கைக்கோள்களில் ரிசீவரை ஏற்றி 2017 ஜனவரி முதல் 2019 ஜனவரி வரை அனுப்பினார்கள். பணியில் இருப்பவை 66, சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. மலை, கடல், பாலைவனம் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. நீங்கள் நினைப்பது இந்த இரண்டாவதைத்தான்.

ராடார் என்பது பேர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கும் வாத்தியார் என்றால், ஏடிஎஸ்-பியில் பிள்ளைகளே எழுந்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். சௌகரியம்தான். பொய் சொன்னாலும், வாயே திறக்காவிட்டாலும் என்ன செய்வது? ராடாரைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் அதற்கு ஒரு பதில் வேண்டும்.

குப்பனூர்வாசி எழுதியது:

நன்றி சார். மறைப்பு எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். மலை முகடு எங்கள் வீட்டிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி, 1,100 மீட்டர் எழும்பி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதே கோட்டை நீட்டினால், 24 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் விமானம் எங்கள் ஊர்த் தரையிலிருந்து 3,300 மீட்டர் உயரத்துக்கு மேல் இருந்தால்தான் என் ஆன்டெனாவுக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 12,000 அடி. கமலாபுரத்தில் இறங்கும் விமானம் அதற்கு எவ்வளவோ கீழே வந்திருக்கும். அப்படியானால் எவ்வளவு நல்ல ஆன்டெனா வாங்கினாலும் பயன் இல்லை.

நாகலூர் எஸ்டேட் எழுதியது:

அதற்கு ஏன் அண்ணா விண்வெளி வரைக்கும் போக வேண்டும்? ஏற்காட்டுக்கு வந்தால் போதாதா? சேர்வராயன் கோயில் உச்சி 5,300 அடிக்கு மேல். லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுக்கக் காலடியில் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கம் வரைக்கும் கண் போகும். கண்ணுக்குத் தெரிவது ஆன்டெனாவுக்கும் தெரியுமே.

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

எஸ்டேட்காரர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. கணக்கும் அவர் பக்கம்தான்.

இந்த அலை போகும் தூரத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஆன்டெனாவின் உயரம், விமானத்தின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். தரையிலிருந்து 600 மீட்டரில் பறக்கும் சின்ன விமானத்தைச் சேலம் டவுனில் 15 மீட்டர் கம்பத்தில் உள்ள ஆன்டெனா 117 கிலோமீட்டர் வரை பிடிக்கலாம். அதே ஆன்டெனா சமவெளியைவிட 1,200 மீட்டர் உயர்ந்த மலை உச்சியில் இருந்தால் 244 கிலோமீட்டர். சுற்றிலும் வேறு மலை குறுக்கே வராத திசைகளில் மட்டும்தான் இது.

நான் சொல்ல வருவது இதுதான். நிலத்துக்கு மேலே, அதுவும் தமிழ்நாடு மாதிரி மலையும் ரோடும் கரண்டும் உள்ள இடத்தில், சரியான உச்சியில் வைத்த ஒரு தரை நிலையம் சேட்டிலைட் சந்தாவைவிட மலிவு, வேகமும்கூட. சேட்டிலைட் வேண்டியது கடலுக்கு. நாடு முழுக்க எல்லாவற்றையும் விண்வெளிக்கு மாற்றுகிறோம் என்று யாராவது சொன்னால் ரசீதைக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். உள்நாடு முழுக்கப் பொட்டல், ராடார் கட்டி மாளாது. நாடு பரவலாக ஏடிஎஸ்-பி தரை நிலையங்களை வைத்தார்கள். 2013 டிசம்பரிலிருந்து 29,000 அடிக்கு மேல் பறக்க அந்தக் கருவி கட்டாயம். அமெரிக்கா மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் துரப்பண மேடைகளின் மேலேயே ஆன்டெனா வைத்தது. ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குத் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்கள் அதற்கு முன் எந்த ராடாரிலும் தெரிந்ததில்லை.

நம் விமான நிலைய ஆணையமான ஏஏஐயும் முதலில் 14 இடங்கள், பிறகு இன்னும் 7 என்று தரை நிலையங்களைத்தான் வைத்தது. அதில் போர்ட் பிளேரும் ஒன்று. சுற்றிலும் கடல் உள்ள தீவில் ஒரு நிலையம் இருப்பதன் பயன் அந்தத் திரையைப் பார்த்தவனுக்குத் தெரியும்.

நாகலூர் எஸ்டேட் எழுதியது:

ஆனால் ஒன்று சார். இங்கே ஐப்பசி இடி என்றால் எப்படி இருக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு முறை கருகிவிட்டது. கரண்ட் போனால் வர நேரமாகும். கேபிளைக் குரங்கு பிய்க்கும், வேலியைக் காட்டெருமை முட்டித் தள்ளும். கருவி மலிவாக இருக்கலாம், காவல் மலிவில்லை.

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

இடிதாங்கி, இரட்டை பேட்டரி, இரண்டு தனித்தனி வழித் தொடர்பு. இவை இல்லாமல் எந்த நிலையத்தையும் விமானங்களுக்கு நடுவே இடைவெளி வகுக்கப் பயன்படுத்த அனுமதிக்கவே மாட்டார்கள். குரங்குக்கு நான் பணியில் இருந்த காலத்திலேயே தீர்வு கிடையாது.

கமலாபுரம் கேடட் எழுதியது:

வணக்கம் சார். நான் சேலத்தில் விமானம் ஓட்டப் பழகும் மாணவன். இங்கே எல்லோரும் ஏடிஆரைப் பற்றியே பேசுகிறீர்கள். அது நாளில் சில முறை வந்து போகும். நாங்கள் நாள் முழுக்கச் சின்ன விமானத்தில் 3,000, 4,000 அடியில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். மலை எங்களைவிட உயரம். சேட்டிலைட்டுக்கு நாங்கள் தெரிவோமா?

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான் தம்பி.

உங்கள் விமானத்தின் ட்ரான்ஸ்பாண்டர், அதாவது இந்தத் தகவலை அனுப்பும் கருவி, அதன் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று நாளைக்குக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான சின்ன விமானங்களில் வயிற்றுப் பகுதியில் ஒரே ஒரு ஆன்டெனாதான் இருக்கும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாம் தரையில் இருந்தார்கள். பெரிய விமானங்களில் மேலே ஒன்று, கீழே ஒன்று. விண்வெளியில் உள்ள ரிசீவருக்கு, மேலே உள்ள ஆன்டெனாவின் சிக்னல்தான் ஒழுங்காகப் போய்ச் சேரும். வயிற்று ஆன்டெனாவின் சிக்னலை விமானத்தின் உடலே மறைத்துக்கொள்ளும்.

கனடா விண்வெளி ஏடிஎஸ்-பியை நம்பித் தன் உயர வான்வெளியில் 2023 ஆகஸ்ட்டில் கட்டாயம் கொண்டுவந்தபோது, மேலேயும் ஆன்டெனா வேண்டும் என்று சேர்த்துத்தான் விதி போட்டது. அங்கே சின்ன விமானக்காரர்களிடமிருந்து வந்த முக்கியமான முணுமுணுப்பே அதுதான். புதுக் கருவி, கூரையில் துளை, சான்றிதழ் என்று எல்லாம் செலவு.

ஆக, மலைக்குப் பின்னால் தாழப் பறப்பவனுக்குத்தான் கண்காணிப்பு அதிகம் தேவை. சேட்டிலைட்டுக்கு மிகக் குறைவாகத் தெரிகிறவனும் அவனேதான்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

வியாபாரிக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். இதற்கெல்லாம் காசு யார் தருவது? சேலம் சென்னை டிக்கெட்டில் ஏறுமா? ஏற்கனவே விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்த ஊர் இது. 1993-இல் திறந்தார்கள், வந்தவர்கள் போனார்கள். 2018-இல் சின்ன ஊர்களுக்கான உடான் விமானத் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் வந்தது, 2021-இல் அதுவும் நின்றது, திரும்ப 2023 அக்டோபரில்தான் ஆரம்பித்தது. விலை ஏறினால் சனங்கள் பழையபடி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார்கள்.

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

விமான நிறுவனங்கள் ஏஏஐக்கு வழிநடத்தல் கட்டணம் என்று ஏற்கனவே கட்டுகின்றன. தரை நிலையமோ ராடாரோ ஒருமுறை வாங்கிப் பராமரிக்கும் சொத்து. விண்வெளிச் சேவை தொடர்ந்து பணம் கட்ட வேண்டிய ஒன்று. அந்தக் கட்டணமும் சுற்றி வளைத்துப் பயணியிடம்தான் வரும், ஆனால் நம் ஏடிஆரைவிட, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம் தலைக்கு மேலே போகிறவர்கள்தான் அதிகம் கட்டுவார்கள். அவர்களுக்கு அதில் லாபமும் உண்டு.

லாபம் எப்படி என்று கேட்பீர்கள். சென்னையின் பொறுப்பில் உள்ள வான்வெளி வங்கக் கடலுக்குள் வெகுதூரம் போகிறது. கரையோர ராடார் உயரப் பறக்கும் விமானத்தைக்கூட 400, 450 கிலோமீட்டருக்கு மேல் பார்க்காது, பூமி வளைந்துவிடும். அதற்கப்பால் எச்எஃப் என்ற நெடுந்தூர ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே இடம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் விமானமே பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டா இணைப்பில் அனுப்பும் இடத்தை நம்ப வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஜெட் 200 கிலோமீட்டர் போய்விடும். அதனால் ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 50 கடல் மைல் என்று தாராளமாக விட்டு அனுப்புவார்கள். ராடார் திரைக்குள் வந்துவிட்டால் 5 கடல் மைல் போதும்.

வட அட்லாண்டிக்கில் 2019 ஏப்ரலில் பிரிட்டனும் கனடாவும் விண்வெளி ஏடிஎஸ்-பியைச் சோதனையாக ஆரம்பித்தன. முன்னும் பின்னுமான இடைவெளி 14 கடல் மைல் வரைக்கும் இறங்கியது. இடைவெளி குறைந்தால் அதிக விமானங்களுக்கு அவரவர் கேட்ட உயரம் கிடைக்கும், எரிபொருள் மிச்சம். ஏஏஐயும் ஏரியானோடு ஒப்பந்தம் போட்டது சென்னை, மும்பை, கொல்கத்தா வான்வெளிகளின் கடல் பகுதிகளுக்காகத்தான். சேர்வராயன் மலைக்காக இல்லை.

அம்மாபேட்டை எழுதியது:

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படை ஏஎன்-32 நினைவு இருக்கிறதா? 29 பேர். வங்கக் கடலில் காணாமல் போனது. கப்பலும் விமானமுமாக எவ்வளவு தேடினார்கள். சேட்டிலைட் கண்காணிப்பு அன்றைக்கு இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் ஏழு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது இல்லையா?

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

நினைவு இல்லாமல் இருக்குமா. 2024 ஜனவரியில் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில், நம் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஓடியின் தானியங்கி நீர்மூழ்கி எடுத்த படங்களில்தான் சிதைவுகள் தெரிந்தன.

ஆனால் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பது சரியாகப் படவில்லை. இரிடியத்தின் முதல் புதிய செயற்கைக்கோள்கள் மேலே போனதே அதற்கு அடுத்த ஜனவரியில்தான். தவிர, ராணுவ விமானங்களுக்குத் தன் இருப்பிடத்தை ஊரறிய ஒலிபரப்பும் கட்டாயம் கிடையாது, பல நாடுகளில் இன்றும் அப்படித்தான். பயணிகள் விமானம் என்றால் பேச்சு வேறு. 2014-இல் மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்370 காணாமல் போனபிறகு, கடல் மேலே குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறை விமான நிறுவனம் தன் விமானத்தின் இடத்தை அறிந்திருக்க வேண்டும் என்ற தரம் 2018 நவம்பரில் வந்தது. அதிலும் ஒரு ஓட்டை. எம்எச்370-இல் ட்ரான்ஸ்பாண்டரே நின்றுவிட்டது. பேசுவதை நிறுத்திய விமானத்தை ஏடிஎஸ்-பி எங்கே வைத்துப் பிடித்தாலும் பிடிக்காது. முதன்மை ராடார் மட்டும்தான், விமானத்திடம் பதில் எதிர்பார்க்காமல், உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்துப் பார்க்கும். மலேசிய ராணுவ ராடாரில் அது திரும்பி மேற்கே போனது பதிவானது அப்படித்தான்.

சூரமங்கலம் நெட்வொர்க் எழுதியது:

பொய் சொல்லும் பிள்ளை பற்றிச் சார் முதலில் சொன்னதை யாரும் தொடரவில்லை. ஜிபிஎஸ் ஏமாற்று, அதாவது போலி சிக்னல் அனுப்பி விமானத்தைக் குழப்புவது, இன்றைக்கு நிஜப் பிரச்சினை. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 465 சம்பவங்கள், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம் என்று அரசே மக்களவையில் சொன்னது. விமானத்துக்கே தான் இருக்கும் இடம் தப்பாகத் தெரிந்தால், அது அந்தத் தப்பான இடத்தைத்தான் மிகுந்த நம்பிக்கையோடு ஒலிபரப்பும். தரையில் பிடித்தாலும் தப்பு, விண்வெளியில் பிடித்தாலும் தப்பு. போதாக்குறைக்கு ஏடிஎஸ்-பியில் குறியாக்கமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. யார் வேண்டுமானாலும் இல்லாத விமானத்தை உருவாக்கி அனுப்பலாம்.

என் துறை கணினி வலையமைப்பு. அங்கே இப்படி ஒரு நெறிமுறையை இன்றைக்கு யாராவது முன்மொழிந்தால் சிரித்துவிடுவார்கள்.

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

சிரிக்கத்தான் வேண்டும். திறந்த மொழியில் வைத்ததற்கும் காரணம் இருந்தது. எந்த நாட்டு விமானமும் எந்த நாட்டு வானிலும் சாவி கேட்காமல் பேச வேண்டும், பக்கத்து விமானத்துக்கும் கேட்க வேண்டும்.

பாதுகாப்பே இல்லை என்பதும் இல்லை. ஒவ்வொரு தகவலோடும் ‘என் இடம் எவ்வளவு நம்பகமானது’ என்று ஒரு தர எண்ணும் வரும். ஜிபிஎஸ் வெறுமனே முடக்கப்பட்டால் அந்த எண் விழும், கட்டுப்பாட்டு அறைக் கணினி அந்த விமானத்தை ஒதுக்கிவைக்கும். ஏமாற்றுதான் சிக்கல், அதில் எண் நன்றாக இருப்பதுபோலவே தெரியலாம்.

அதற்கு மருந்து, சொன்னதை நம்பாமல் சொன்ன நேரத்தை அளப்பது. ஒரே சிக்னலை நான்கு இடத்தில் பிடித்து, எங்கே எவ்வளவு முன்பின்னாக வந்தது என்று பார்த்தால், அது கிளம்பிய இடம் தானாகவே தெரிந்துவிடும். பலமுனை அளவீடு என்பார்கள். விமானம் என்ன இடம் சொன்னாலும் கவலை இல்லை. சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், மேட்டூர்ப் பக்கம் பாலமலை என்று ஒவ்வொரு உச்சியிலும் ஒரு ரிசீவர் வைத்தால், சேலம் வானில் பொய் சொல்லவே முடியாது. இதை எனக்குத் தெரிந்த அதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

சூரமங்கலம் நெட்வொர்க் எழுதியது:

அந்த நான்கு ரிசீவரின் கடிகாரமும் நானோ நொடிக் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். ஒரு நானோ நொடிக்கு ஒளி 30 சென்டிமீட்டர் போகும். கடிகாரத்தை எதை வைத்துச் சரிசெய்வார்கள்? ஜிபிஎஸ் வைத்துத்தானே?

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். ஜிபிஎஸ் வைத்தும் செய்யலாம். வேண்டாம் என்றால், இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு சின்ன ஒலிபரப்பியைத் தரையில் வைத்து, நான்கும் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். அதற்கு நான்கு உச்சிகளிலிருந்தும் அந்த ஒலிபரப்பி நேராகத் தெரிய வேண்டும்.

ஐந்துரோடு எழுதியது:

நம்மிடம் ககன் இருக்கிறதே சார், இஸ்ரோவும் ஏஏஐயும் சேர்ந்து செய்தது. அதுவே போதாதா?

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

ககன் கண்காணிக்காது. ஜிபிஎஸ் பிழையைத் திருத்தி விமானத்துக்கு வழிகாட்டும். 2022 ஏப்ரலில் கிஷன்கரில் ஒரு ஏடிஆரை அதை வைத்து இறக்கிக் காட்டினார்கள். நல்ல விஷயம், வேறு விஷயம்.

அம்மாபேட்டை எழுதியது:

இவ்வளவு குறை சொன்ன பிறகு, ஏடிஎஸ்-பியே வேண்டாம் என்கிறீர்களா?

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

ஐயோ, இல்லை. கண்ணில்லாமல் வேலை பார்த்த காலத்தை அறிந்தவன் நான். 1996 நவம்பர் 12, சர்க்கி தாத்ரி. சவுதி 747-உம் கஜகஸ்தான் இல்யூஷினும் டெல்லிக்கு மேற்கே மோதி 349 பேர் இறந்தார்கள். டெல்லி அணுகு கட்டுப்பாட்டில் அன்று இருந்த முதன்மை ராடாரில் புள்ளி தெரியும், உயரம் தெரியாது. விமானி ரேடியோவில் சொன்ன உயரம்தான் உயரம். 15,000 அடியில் நிற்க வேண்டிய இல்யூஷின் அதற்குக் கீழே இறங்கியதைத் திரையில் யாராலும் பார்த்திருக்க முடியாது. ஏடிஎஸ்-பியில் உயரம் ஒவ்வொரு நொடியும் வருகிறது. வழித்தட ராடார் ஒரு சுற்றுச் சுற்றவே சுமார் 12 நொடி.

வேண்டாம் என்று யார் சொன்னது. எதை எங்கே வைப்பது என்பதுதான் என் வழக்கு. அமெரிக்கா 2007-இல் ஒப்பந்தம் போட்டு, 2010-இல் விதி எழுதி, 2020 ஜனவரி 1 அன்று கட்டாயமாக்கியது. ராடார்களை அதற்காக ஒட்டுமொத்தமாக மூடிவிடவில்லை. அதற்கும் முன்னால், 1999 வாக்கில் அலாஸ்காவில் கேப்ஸ்டோன் என்ற திட்டத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ராடார் இல்லாத ஊர்கள், சின்ன விமானங்கள், அடுத்த கட்டத்தில் மலைகளும். அரசே கருவியை வாங்கி அந்த விமானங்களில் பொருத்திக் கொடுத்தது. திரையில் பக்கத்து விமானமும் மலையும் வானிலையும் தெரிந்தன. விபத்துகள் கணிசமாகக் குறைந்தன.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

அரசே வாங்கிக் கொடுத்ததா! அந்த வரியை மட்டும் கல்வெட்டில் பொறித்து கமலாபுரத்தில் வையுங்கள்.

கமலாபுரம் கேடட் எழுதியது:

கையில் எடுத்துப்போய்க் கண்ணாடியில் ஒட்டும் சின்ன ஏடிஎஸ்-பி கருவி வெளிநாட்டில் பார்த்ததாக சீனியர் ஒருவர் சொன்னார். எங்கள் விமானத்தில் வைத்தால் மலைக்கு அந்தப் பக்கம் பறக்கும் எங்கள் பள்ளி விமானங்களாவது ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளுமா?

மீனம்பாக்கம் முன்னாள் எழுதியது:

மலை இரண்டுக்கும் நடுவே இருந்தால் பார்க்காது, ஒரே பக்கம் இருந்தால் பார்க்கும். பிரிட்டனில் அப்படிப்பட்ட கருவிகளை அனுமதித்து, 2020-இல் விலையில் பாதி, அதிகபட்சம் 250 பவுண்டு, அரசுப் பணத்திலிருந்து திருப்பித் தந்தார்கள். சக்தி குறைவு, ஏடிசி அதை வைத்து இடைவெளி வகுக்காது, விமானிக்கு எச்சரிக்கை மட்டும். ஆனால் இங்கே அது ஒலிபரப்பும் கருவி. அனுமதி இல்லாமல் பையில் போட்டு எடுத்துப் போய்விடாதீர்கள் தம்பி, லைசென்ஸ் வாங்கும் முன்னால் வம்பு வேண்டாம். முதலில் உங்கள் தலைமைப் பயிற்றுநரிடம் கேளுங்கள், கருவியைப் பற்றியும், வயிற்று ஆன்டெனாவைப் பற்றியும்.

கமலாபுரம் கேடட் எழுதியது:

சரி சார். திங்கட்கிழமை காலையில் மீட்டிங் இருக்கிறது, அங்கேயே கேட்டுவிடுகிறேன். ஆன்டெனாவை இப்போதே ஹேங்கரில் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி கீழே ஒன்றுதான்.